விரிசலின் மேல் ஒரு கண்ணாடி

பிற்பாடு எத்தனையோ பழைய கட்டடங்களைக் காப்பாற்றிய செல்வதுரை, முதல் கட்டடத்திலேயே தோற்கப் பார்த்தான். 1974-இல் அவனுக்கு இருபத்தாறு வயது. நெல்லைச் சீமை நாசரேத்துக்காரன், சி.எஸ்.ஐ. என்னும் புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவன், கட்டடக்கலை படித்தவன்.

அந்த முதல் கட்டடம், தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில் ஒரு கத்தோலிக்க மாதா கோயில். கடலில் வெட்டியெடுத்த முருகைக்கல்லால் கட்டிய அதன் சுவரில், முழங்கால் உயரத்தில், நீளமாக ஒரு விரிசல். இடித்துவிடலாம் என்றார் பார்க்க வந்த இன்ஜினியர். செல்வதுரை விடவில்லை, விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினான். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். பதினைந்து நாள் உடையாமல் இருந்தால் இடிப்பதில்லை என்று பேச்சு.

தினமும் காலையில் மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பான். பதினான்கு நாளும் ஒரு கீறல் இல்லை.

பதினைந்தாம் நாள் இன்ஜினியரோடு வந்து பார்த்தால், கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது.

"அப்பம் இடிச்சிர வேண்டியதுதான்," என்றார் இன்ஜினியர்.

செல்வதுரை குனிந்து கண்ணாடியைத் தடவினான். விரலில் கரி ஒட்டியது. கீழே தரையெல்லாம் உறைந்த மெழுகு.

கோயில் பெருக்கும் சலேத்தம்மாளைக் கூப்பிட்டான். "இங்கன மெழுகுதிரி கொளுத்துனது யாரு?"

"ஊரே கொளுத்துச்சு சார். நேத்து மாசத்து மொத வெள்ளிக்கிழமைல்லா?"

"சூட்டுல வெடிச்சிருக்கும்மா! இது சுவர் அசையுதான்னு பாக்க ஒட்டுன வெறுங் கண்ணாடி!"

அவள் நம்பவில்லை. "புனிதரு எலும்பைத்தான் அப்படிக் கண்ணாடி வச்சுச் சுவத்துல பதிச்சுக் கும்பிடுவாவ. வெறுங் கண்ணாடின்னா, மாதா சுரூபத்துக்கே மண்டி போடாத சி.எஸ்.ஐ.காரரு நீங்க, இதுக்கு முன்னால எதுக்கு தெனமும் மண்டி போட்டிய?"

இன்ஜினியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"இன்னொரு கண்ணாடி ஒட்டும் வே. இந்தத் தடவ நின்னுக்கிட்டே பாரும்."