கட்டிலடிப் போத்தல்கள்

எங்கள் இலங்கைக் குடியுரிமை விண்ணப்பம் மூன்றாம் ஆண்டாக மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்த காலத்தில்தான், நானும் என் கணவரும் வீட்டில் பியர் தயாரித்தோம். குடியுரிமை இல்லாமல் அரசுப் பாடசாலையில் எனக்கு ஆசிரியை நியமனம் கிடைக்காது. அதை அறிந்திருந்தும் ஏன் அப்படியொரு காரியத்தில் இறங்கினோம் என்பதை இன்றும் என்னால் முழுமையாக விளக்க முடியவில்லை.

இலண்டனிலிருந்து விடுமுறையில் வந்த அவருடைய நண்பர் ஒரு தகர டின்னைக் கொடுத்திருந்தார். உள்ளே கசப்பேறிய கெட்டியான மால்ட் பாகு, ஒரு பொட்டலம் ஈஸ்ட், செய்முறைத் தாள். அனுமதியின்றித் தயாரிப்பது குற்றம் என்பது இருவருக்கும் தெரியும். ஒரு தடவைதானே என்றார் என் கணவர். தாளை மூன்று முறை படித்த எனக்கோ அவரைவிட ஆவல் முற்றியிருந்தது.

பாகையும் சீனியையும் சுடுநீரில் கரைத்து, ஆறவிட்டு, ஈஸ்டைத் தூவி, வாளியைத் துணியால் மூடினேன். குமிழி அடங்கியதும் போத்தலில் அடைக்க வேண்டும் என்றது தாள். நாங்கள் குடியிருந்த கட்டுகஸ்தோட்டையில் அந்த வாரம் முழுவதும் மழை. கொடியில் போட்ட சேலைகூடக் காயவில்லை. ஐந்தாம் நாள் குமிழி அடங்கியது. போத்தலுக்கொரு கரண்டியாகச் சீனி போட்டு, தக்கையை இறுக்கி நூலால் கட்டி, கட்டிலுக்கடியில் படுக்க வைத்தோம். ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை, குளிரில் உறங்கித்தான் போயிருந்தது என்று அப்போது தெரியாது.

வெயில் திரும்பிய நாளில் கிராம சேவகர் விசாரணைக்கு வந்தார். நாங்கள் இங்கேயே வசிப்பவர்கள், நன்னடத்தை உள்ளவர்கள் என்று அவர் எழுதிக் கையொப்பமிட்டால்தான் கோப்பு மேலே போகும். முன்னறைக் கதிரையில் அமர்ந்து, நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் பெயரைக் கேட்டார். திரைச்சீலைக்கு அப்பால், படுக்கையறையில், ஒரு தக்கை நூலை அறுத்துக்கொண்டு போய்க் கட்டில் பலகையில் மோதியது.

அவர் தலை நிமிர்ந்தார். கூரைத் தகரத்தில் கொய்யா விழுகிறது என்றார் என் கணவர். எங்கள் வளவில் கொய்யா மரமே இல்லை. அடுத்த சத்தத்தோடு கண்ணாடி உடைவதும் கேட்டது. சற்று நேரத்தில் திரைச்சீலையின் கீழிருந்து நுரையோடு ஒரு பழுப்பு நீரோடை புறப்பட்டு அவர் சப்பாத்தை நோக்கி வந்தது. அவர் காலை அமைதியாக நகர்த்திக்கொண்டார். நன்னடத்தை என்ற வரியின்மேல் பேனா நின்றிருந்தது.

“ஜிஞ்சர் பியரா?”

“ஆமாங்க சேர்,” என்றார் என் கணவர், நான் வாய் திறக்குமுன்.

“அப்ப ஒரு கிளாஸ் தாங்க. வெயில்ல நடந்து வந்தது.”

கட்டிலடியிலிருந்து ஒரு போத்தலைக் குசினிக்கு எடுத்துப் போய்த் திறந்ததும் பாதி என் சேலையில் தெறித்தது. மீதியைக் கிளாஸில் ஊற்றினேன். நுரை மேலெழுந்து நின்றது. ஜிஞ்சர் பியர் வெறும் இஞ்சிச் சோடா; அதற்கு இவ்வளவு நுரை ஏது? தேக்கரண்டியால் அள்ளி அள்ளிக் கழுநீர்த் தொட்டியில் போட்டேன். நிறத்தை என்ன செய்வது? கிளாஸைத் தட்டில் வைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன்.

அவர் ஒரு மிடறு குடித்தார். யோசித்தார். இன்னொரு மிடறு. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கைக்குட்டையால் மீசையைத் துடைத்துக்கொண்டார். என் கணவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நோனா,” என்றார் கிராம சேவகர், “இதுல இஞ்சி போட மறந்துட்டீங்க.”

பிறகு பேனாவை நகர்த்தி அந்த வரியை எழுதி முடித்து, கையொப்பமிட்டு, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

அவர் பாதை வளைவைத் தாண்டும்வரை நாங்கள் அசையவில்லை. பின்னர் என் கணவர் எஞ்சிய போத்தல்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் சுற்றித் தூக்கிப் போய், பின்வளவில் கவிழ்த்தார். ஒரு சொட்டைக்கூட நாக்கில் வைக்கவில்லை. நான் தரையைத் துடைக்கக் குனிந்தவள், விருந்தாளி மிச்சம் வைத்த அரைக் கிளாஸை எடுத்துக் குடித்தேன். நன்றாகவே வந்திருந்தது. அதைக் கணவரிடம் சொல்ல எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.