வாக்கில்லாத வீட்டுக்கும் வந்த உறுப்பினர்

ராஜி அன்ரி காலமாகிவிட்டார் என்ற செய்தி, செவ்வாய்க்கிழமை பள்ளி முடிந்து பஸ்ஸில் வரும்போது கிடைத்தது. நாங்கள் குடியேறிய லின்ஃபீல்டில் இறங்கி வீதியைக் கடக்கும்போதுதான் அழுகை வந்தது. அந்தப் பாதசாரிக் கடவையே அவர் கேட்டு வாங்கியதுதான்.

எங்கள் உள்ளூர் சபைத் தேர்தலில் வென்ற மறுவாரமே அவர் வீடு வீடாகப் போனது அஞ்சலிக்கு வரும் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டில் அப்பா கதவைப் பாதிதான் திறந்தார்.

“எங்களுக்கு இன்னும் வாக்கில்லை, அக்கா. விசா அலுவல் முடியேல்லை.”

“தெரியும் தம்பி. அதுதான் வந்தனான். வாக்கிருக்கிற ஆக்கள் என்னைத் தேடி வருவினம். தேத்தண்ணி இருக்கோ?”

அப்பா சிரித்துவிட்டார். ஆனால் அன்ரி போனபின், “விசா கிடைக்கும்வரை கவுன்சில் பக்கம் எங்கட பேர் போகக்கூடாது” என்றார்.

நான் மீறினேன். கடவை வேண்டுமென்று சபைக் கூட்டத்தில் பேச ஊர்மக்களில் ஒருவர் தேவைப்பட்டார். நூலகத்துக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். என் முறை வந்தும் எழும்பாமல் இருந்தேன்.

“பயம் போகட்டும் எண்டு நிண்டால் கூட்டம் முடிஞ்சிடும், பிள்ளை. பயத்தோடயே கதை” என்றார் அன்ரி.

பேசினேன். வாக்கெடுப்பில் தோற்றோம். “நீங்கள் உறுப்பினர்தானே, கட்டச் சொல்ல ஏலாதோ?” என்று வெளியே வந்து கேட்டேன்.

“நான் என்ன ராணியே, உத்தரவு போட? கேக்கிறதுதான் என்ர வேலை. அலுக்காமல் கேக்கோணும்.”

ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார். அதிகாரிகளைக் காலை எட்டு மணி மழையில், பள்ளிக்குப் போக வீதி கடக்கக் காத்திருந்த எங்களோடு வீதியோரம் நிற்க வைத்தார். அடுத்த ஆண்டு கடவை வந்தது. முதல்முறை அதில் நடந்த அப்பா, “ஆரோ புண்ணியவான் கேட்டிருக்கிறான்” என்றார். நானும் கேட்டேன் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

விசா இன்னும் வரவில்லை. ஞாயிறன்று அஞ்சலிக் கூட்டத்தில் அன்ரியைப் பற்றி என்னை எழுதி வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவும் அங்கே இருப்பார். அதனால்தான் வீடு தூங்கியபின் இதை ஒளித்து எழுதுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவரை நினைத்தால் மனம் நிறைகிறது. கேட்பது குற்றமில்லை என்ற நிம்மதியை அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.

விடிந்ததும் இந்தத் தாளை முதலில் அப்பாவிடம் கொடுப்பேன். “வாசிக்கட்டோ, அப்பா?” என்று கேட்பேன். கீழே என் பெயரை எழுதிவிட்டேன்.

ஆரணி