அக்கார்டியன் பழுதாகவில்லை

இரண்டு வருடங்களுக்கு முன், பெங்களூரு ஆஸ்டின் டவுனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கால்பந்து மைதானத்தில் நடந்தது இது. நான் ராணுவ பேண்டில் இருபத்திரண்டு வருடம், கக்கத்தில் காற்றுப் பையை இடுக்கிக்கொண்டு, பேக்பைப் ஊதி ஓய்வு பெற்றவன். எனக்குத் தலைக்கனம் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அந்தச் சமயம் ஊரெங்கும் ஒரு பாட்டு பிரபலம். லிங்கராஜபுரத்தில் தங்கி வேலை பார்க்கும் ஒரு கோலார் தங்கவயல் பெண், நாலு நண்பர்களோடு சேர்ந்து போட்டது. அயர்லாந்து நாட்டுப்புற மெட்டை ராக் வேகத்தில் அடித்து நொறுக்குவார்கள். செல்டிக் பங்க் என்று பெயராம். டிராஃபிக்கையும் மழையையும் திட்டித் தீர்த்துவிட்டு, ஆனாலும் இந்த ஊரை விட்டுப் போகமாட்டேன் என்று தமிழும் கன்னடமும் கலந்து முடியும். ஆட்டோ, ஆபீஸ் பஸ், கால்பந்து கேலரி எல்லா இடத்திலும் அதுதான். ஊருக்கே கீதம் ஆகிவிட்டது.

உள்ளூர் இறுதிப் போட்டிக்கு முன் அதை மைதானத்தில் வாசிக்க ஏற்பாடு. பேக்பைப் சேர்ந்தால் எடுப்பாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டு, போஸ்டரிலும் படம் போட்டார்கள். அந்தப் பெண் வாசிப்பது அக்கார்டியன், தோளில் மாட்டி இழுத்து அமுக்கி வாசிக்கும் துருத்திப் பெட்டி.

"அங்கிள், ஒரே ஒரு ப்ராக்டிஸுக்கு வந்துடுங்க. சுருதி செட் ஆவுதான்னு பாத்துக்கலாம்" என்று மூன்று தடவை போன் செய்தாள்.

"பரேட்ல ஊதினவன்மா நான். டியூன போன்ல அனுப்பு, போதும்" என்றேன்.

ஆட்டத்துக்கு அரைமணி முன்னால் ஊதிப் பார்த்தபோதுதான் வினை தெரிந்தது. என் சுருதி அவர்களுடையதைவிட அரை ஸ்வரத்துக்கு மேல் ஏறி நின்றது. பேக்பைப்பை அவ்வளவு இறக்க முடியாது. கிட்டார்காரர்கள் கம்பியை முறுக்கி என் சுருதிக்கு வந்துவிட்டார்கள். அக்கார்டியனை அப்படி முறுக்க வழியில்லை. நாங்கள் இருவரில் ஒருவர் விலகியாக வேண்டும்.

முதல் வரிசையில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தார். மகள் மேடையில் வாசிப்பதை முதன்முதலாகக் கேட்கக் காலை ரயிலில் வந்தவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பேக்பைப் பையில் காற்றை நிரப்பத் தொடங்கினேன்.

"பரவால்ல அங்கிள், நீங்களே வாசிங்க" என்று அக்கார்டியனைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்தாள்.

வாசித்தேன். மைதானமே எழுந்து நின்று பாடியது. ஓரமாக நின்று அவளும் கைதட்டிப் பாடினாள். கீழே இறங்கியதும் என்னோடு போட்டோ எடுக்க ஒரே தள்ளுமுள்ளு.

கூட்டம் விலகியதும் அவள் அம்மா வந்தார்.

"ஏன் பாப்பா, நீ வாசிக்கவே இல்ல?"

"பொட்டி மக்கர் பண்ணிடிச்சிம்மா, காத்து லீக்காவுது. நல்லவேள, அங்கிள் இருந்தாரு."

என்னைப் பார்க்காமலே சொன்னாள். அந்தம்மா என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "எம்பொண்ணு மானத்த காப்பாத்துனீங்க சார்" என்று மகளுக்காகக் கொண்டுவந்த பிரியாணி டப்பாவை என் கையில் கொடுத்தார். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அந்த டப்பாவை வீட்டில் கொடுத்துவிட்டு, நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. இப்போது எங்கே கூப்பிட்டாலும் ஒத்திகைக்கு முதல் ஆளாகப் போய்விடுகிறேன். ஆனாலும் ஆட்டோவில் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம், பதிவில் ஒலிக்கும் அவளுடைய அக்கார்டியன் எனக்கு ஒன்றை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது: அன்று அது நன்றாகத்தான் இருந்தது, கோளாறு என்னிடம்தான்.