ஜப்பான் துரையின் கிக்யோ பாத்தி

1. விதை வந்த நாள்

ஜப்பான் துரை கூப்பிடுகிறான் என்று ஆள் வந்தபோது என் சோலி முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட அந்தக் காலத்தில் கோலா சாவா பக்கத்து எஸ்டேட்டுகளில் எல்லோருக்கும் ஒரே பயம். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று லோரி வரும். எஸ்டேட் கணக்குப்பிள்ளையான கிராணி எழுதிக் கொடுத்த பெயர்கள் அதில் ஏறும். ஏறியவர்களைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு தகவலும் வராது.

நான் வெள்ளைக்கார துரை காலத்திலிருந்தே பங்களாத் தோட்டக்காரன். வெள்ளைக்காரன் ஓடிய பிறகு ரோஜாவையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு மரவள்ளி நட்டதும் இதே கைதான். பூ இல்லாத இடத்தில் பூந்தோட்டக்காரன் எதற்கு? அடுத்த லோரியில் நான்தான் என்று கூலி வீட்டு லயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

போய்க் குனிந்து நின்றேன். துரை ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தான். எள்ளைவிடச் சின்னதாக, கறுப்பாக, பளபளவென்று விதை. "கிக்யோ" என்றான். அரைகுறை மலாயில் மிச்சத்தைச் சொன்னான். பக்கத்தில் நின்ற கிராணி எனக்குச் சொன்னார்:

"தொரையோட அம்மா வூட்டுத் தோட்டத்து வெதையாம். ஊதாப் பூவாம். பூத்துச்சுன்னா நீ தப்பிச்ச, சவரி. பூக்கலன்னா அடுத்த லோரிதான் லா."

ஒரு பூவுக்கு ஒரு ஆள் உயிர். என்ன கணக்கு இது என்று கேட்க அன்று யாருக்கு வாய் இருந்தது?

2. பாத்தி

அந்தப் பூவை நான் அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை. கேட்கவும் ஆளில்லை. அதனால் விதையில் கொஞ்சம் எடுத்து இரண்டு தகரத் தட்டில் போட்டுப் பார்த்தேன். மண் போட்டு மூடியது வரவே இல்லை. மூடாமல் மேலாகத் தூவி வெளிச்சத்தில் வைத்தது இரண்டு வாரத்தில் முளைத்தது. இந்த விதைக்கு வெளிச்சம் பட வேண்டும் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு பங்களா முன்னால் நாள் முழுக்க வெயில் விழும் இடமாகப் பார்த்து, முழங்கால் உயரத்துக்கு மேட்டுப் பாத்தி போட்டேன். நம் ஊர் மழைக்கு மேடு இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும். ஆற்று மணலைச் சலித்துக் கலந்து, விதையைத் தூவி, நனைத்த சாக்கை ஓரத்தில் வைத்து ஈரம் ஊற விட்டேன். நாற்பது சொச்சம் நாற்று தேறியது. வருஷக்கணக்கில் நிற்கிற ஜாதி இது. பூவுக்கு அவசரப்படாது, முதலில் வேரைத்தான் வளர்க்கும். மூன்றாம் மாதத்தில் மேலே விரற்கடை உயரம், கீழே முள்ளங்கி போல வெள்ளை வேர். பார்க்கிறவர்களுக்குப் புல் பூண்டு மாதிரித்தான் தெரியும்.

அதற்குத்தான் வேலி கேட்டேன். கிராணியிடம் போய், "சுத்தி நட நாலு கம்பு குடுங்கய்யா, ஆடு மாடு ஏறிடும்" என்றேன்.

"சோத்துக்கே வழியக் காணோம், பூவுக்கு வேலி கேக்குதா? போடா" என்றார்.

அந்த நாலு கம்பு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

3. களை எடுப்பு

துரை பகாவ் டவுனுக்குப் போயிருந்த சமயம். சிரம்பானிலிருந்து பெரிய ஆபீசர் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. ரப்பர் எஸ்டேட்டில் வெள்ளைக்காரன் பழக்கிவிட்ட ஒரு வழக்கம் உண்டு. மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது, மண் வழவழவென்று தெரிய வேண்டும். பச்சையாகக் கண்ணில் பட்டதையெல்லாம் சங்கோல் என்கிற மண்வெட்டியால் கொத்திச் செதுக்கிவிடுவார்கள். கிராணி அன்று என்னை மரவள்ளி நடக் கீழ்க்காட்டுக்கு விரட்டிவிட்டு, களை எடுக்கும் பெண்களைப் பங்களாவுக்கு அனுப்பினார்.

அந்தப் பெண்களில் அஞ்சலை ஒருத்தி. அவள் புருஷன் முனியன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். மேட்டுப் பாத்திக்கு வந்ததும் அஞ்சலை சங்கோலை நிறுத்திவிட்டாள். "ஐயா, இது நட்டு வச்ச செடி மாரி இருக்குதே?" என்று கிராணியிடம் கேட்டும் இருக்கிறாள். பத்துப் பெண்கள் காதுபடக் கேட்டிருக்கிறாள்.

"ஒனக்கு என்ன தெரியும்? சொன்னதச் செய். காம்பவுண்டு மொட்டையா இருக்கணும்."

ஆபீசர் பயத்தில் கிராணி பாத்தியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் செதுக்கிவிட்டாள்.

மத்தியானம் நான் வந்து பார்த்தபோது பாத்தியில் ஒரு பச்சை இல்லை. குனிந்து விரலை மண்ணுக்குள் விட்டேன். கெட்டியாக ஒரு வேர் தட்டுப்பட்டது. இன்னொரு இடத்தில் விட்டேன். அங்கேயும் இருந்தது. சங்கோல் மேல் மண்ணைத்தான் சீவியிருந்தது.

அஞ்சலை அழுதுகொண்டே வந்தாள். "ஒண்ணும் ஆவலம்மா. வேர் உசுரோட இருக்கு. தளுத்துரும்" என்றேன்.

"அத தொரைகிட்டச் சொல்லிருங்கண்ணே" என்றாள். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

4. நான் செய்யாத வேலை

மறுநாள் துரை வந்தான். பாத்தியைப் பார்த்தவன் முகம் மாறியது. யார் என்று கேட்டான். கிராணி கொஞ்சமும் கூசாமல் அஞ்சலையைக் கை காட்டினார். பார்த்துக்கொண்டு நின்ற அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். ஒருவரும் மூச்சு விடவில்லை.

நான் சொன்னேன். ஆனால் கிராணி ஏவியதை அல்ல, வேரைப் பற்றி மட்டும். "வேர் சாகவில்லை துவான், திரும்ப வரும்" என்று மலாயில் சொன்னேன். "பக்கேரோ!" என்று ஜப்பான் வசவோடு கன்னத்தில் ஒன்று விழுந்தது. பொய் சொல்லி அவளைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

அப்போது நான் செய்திருக்க வேண்டிய வேலை ஒன்றுதான். ஒரு வேரைப் பிடுங்கி அவன் மூக்குக்கு நேரே நீட்டியிருக்க வேண்டும். தோட்டம் போடுகிற வீட்டில் பிறந்தவன், வெள்ளை வேரைக் கண்டால் புரிந்துகொண்டிருப்பான். என் கை பாத்தி வரைக்கும் போனது. ஆனால் இப்படி முள்ளங்கி வேர் விடுகிற ஜாதிச் செடியைப் பிடுங்கி மறுபடி நட்டால் பிழைக்காது. இருப்பதே நாற்பது சொச்சம். பூ வராவிட்டால் என் தலை. அதில் ஒன்றை வீணாக்க மனசு வரவில்லை. கையை இழுத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கிராணி பெயர் வாசித்தார். முனியன் பெயர் வந்தது. லிஸ்டில் இருந்த தன் மச்சான் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் முனியனை எழுதியிருக்கிறார் அந்த மகராசன்! கேட்டால் துரை உத்தரவாம். முனியன் பால் வாளியோடு வேலைக்கு வந்து நின்றவன். வாளியை வாங்கி அஞ்சலை கையில் கொடுத்துவிட்டு அவனை லோரியில் ஏற்றினார்கள். அவள் கிராணி காலில் விழுந்து கதறினாள். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

5. பூத்தது

மூன்றாம் வாரம் பாத்தி முழுக்கத் தளிர் வந்தது. முன்னைவிட முரட்டுத் தளிர். அடுத்த மூன்று மாதத்தில் காற்றடைத்த பை மாதிரி மொட்டு வந்து, வெடித்து, ஐந்து இதழில் ஊதாப் பூ விரிந்தது.

துரை பூவின் முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். அம்மா நினைப்பு வந்துவிட்டதாம். எனக்கு ஆத்திரம் பொங்கியது. உன் அம்மா நினைப்புக்கு எங்கள் முனியனா கிடைத்தான்? என் கையில் ஒரு டின் சிகரெட்டைத் திணித்து "பாகுஸ், பாகுஸ்" என்று மெச்சினான். "முனியனைத் திரும்பக் கொண்டுவாருங்கள் துவான்" என்றேன்.

துரை கிராணியைத் திரும்பிப் பார்த்து, யார் முனியன் என்று கேட்டான்.

பெயர்கூடத் தெரியாது! அவன் உத்தரவு என்று சொல்லித்தானே ஒரு மனுஷனை லோரியில் ஏற்றினார்கள்? "அவன் போய் ரொம்ப நாளாச்சு" என்று கிராணி ஏதோ சொல்லி மழுப்பினார். துரை தலையை ஆட்டிவிட்டுப் பூப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் அஞ்சலை பாத்தி ஓரம் வந்து நின்றாள். என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அன்றைக்கே ஒன்றைப் பிடுங்கிக் காட்டியிருக்கலாம், செடி போய்விடுமே என்று விட்டுவிட்டேன் என்று உள்ளதைச் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. "பிடுங்கியிருந்தா ஒரு செடிதானண்ணே போயிருக்கும்" என்றாள்.

சண்டை முடிந்து ஜப்பான்காரன் போனான். முனியன் வரவில்லை. கிராணி அடுத்து வந்த வெள்ளைக்கார துரையிடமும் கிராணியாகவே இருந்தார். நான் சிரம்பானுக்கு வந்து, தெமியாங்கில் நாற்று விற்றுப் பிழைத்து, விதை போட்டுப் பூச்செடி வளர்ப்பதையே கடைசிவரை தொழிலாகச் செய்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிற உங்களுக்கு மண் பக்குவமும் வெயில் பக்குவமும் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் சொல்வது இது ஒன்றுதான். உங்களுக்கு உண்மை தெரிந்து, அதை நம்பாத ஒருவன் இன்னொருவர் மேல் பழி போடும்போது, வாயால் சொன்னேனே என்று நின்றுவிடாதீர்கள். எத்தனை அருமையாக வளர்த்த செடியானாலும் பிடுங்கிக் காட்டுங்கள். போனால் ஒரு செடி போகட்டும்.