மாரிகுப்பம் பாசஞ்சரின் ஒரே பாட்டு

க்ளென் தன் வாழ்நாளில் மாரிகுப்பம் பாசஞ்சரில் ஏறியதே இல்லை. ஆனால் அந்த ரயிலின் பெயரைச் சூட்டிக்கொண்ட ப்ளூஸ் இசை பாண்டுக்கு இருபத்திரண்டு வருடங்களாக அவன்தான் முகம், அவன்தான் குரல். பேட்டி என்று யாராவது வந்தால் அவன்தான் வாய். கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு அந்த ரயிலில், கழிப்பறைக் கதவோரம் பேஸ் கிட்டாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தினமும் நின்றே வந்தவன் சித்தார்த்தன். மேடையிலும் அவனுக்கு ஓரம்தான்.

பாண்டுக்குப் பெயர் வைத்ததும் அவன்தான். குக் டவுனில் க்ளென் வீட்டு கார் ஷெட்டில் முதல்நாள் ஒத்திகைக்கு அரைமணி நேரம் தாமதமாகப் போனான். ஏன் என்று கேட்டதற்கு ரயிலின் பெயரைச் சொன்னான். க்ளென் துள்ளிக் குதித்தான். "செம பேரு மச்சா! நம்ம பாண்டுக்கு இதான்!" அன்றைக்கு சித்தார்த்தனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கொடுக்கிறவனுக்கு முதலில் பெருமையாகத்தான் இருக்கும்.

பகலில் சித்தார்த்தன் லிஃப்ட் மெக்கானிக். தொம்மலூரைச் சுற்றி எழும்பிய கண்ணாடிக் கட்டடங்களில் சாப்ட்வேர்காரர்கள் நடுவழியில் மாட்டிக்கொண்டு அலறும்போது அவன்தான் போய் இறக்கிவிடுவான். அவனுடைய அப்பாவும் கூண்டில் ஏறி இறங்கியவர்தான், ஆனால் தரைக்கு மேலே அல்ல, கீழே. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருபத்தேழு வருடம். ஆட்கள் இறங்கும் கூண்டு என்றால் மூன்று முறை மணியடிப்பார்கள், அப்போதுதான் கூண்டை இறக்கும் விஞ்ச் ஓட்டுகிறவன் மெதுவாக விடுவான். அந்த மூன்று மணியோசைக்குத் தொழிலாளர் லைன் வீடுகளில் இருக்கிற பெண்கள் எல்லோரும் செய்கிற வேலையை ஒரு நொடி நிறுத்துவார்கள் என்று சின்னத்தாயி சொல்வாள். சின்னத்தாயி அவனுடைய அம்மா.

கல்தூசி நுரையீரலை அடைத்து அப்பா செத்தபோது சித்தார்த்தனுக்குப் பத்தொன்பது வயது. பௌத்தக் குடும்பம். பந்தலில் பஞ்சசீலம் சொன்னார்கள், மெழுகுவத்தி ஏற்றினார்கள், எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் வடாற்காட்டிலிருந்து சுரங்கத்துக்குக் குடிவந்த குடும்பத்துப் பெண்களுக்கு அழுகையும் ஒரு சடங்குதான். சின்னத்தாயி தலைமயிரை அவிழ்த்துவிட்டு, பெண்களோடு வட்டமாக உட்கார்ந்து, மார்பில் மூன்று மூன்றாக அடித்துக்கொண்டு பாடினாள்.

"மூணு மணி அடிக்கையில
முந்தி முந்தி எறங்குவியே,
என் மன்னவனே, நீ மேல ஏற
மணியடிக்க யாரிருக்கா?"

சித்தார்த்தன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. மாமன்மார் முதுகில் தட்டி, "அழுதுடுடா, நெஞ்சு அடைச்சிக்கும்" என்றார்கள். அவன் கல்லாட்டம் நின்றான். ஆனால் அந்த ஒப்பாரி ஒரு சொல் பிசகாமல் அவன் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சாவு வீட்டுக்கு வெளியே ஒப்பாரியை யாரும் வாயால்கூட முணுமுணுக்கக் கூடாது என்பது அந்த லைன் வீடுகளில் எழுதாத சட்டம். பாடினால் பாடியவர் வீட்டுக்கு இன்னொரு சாவைக் கூப்பிட்டதாக அர்த்தம். சித்தார்த்தனுக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்தான்.

பாண்டு தொடங்கி மூன்று வருடமாகியும் சீந்துவார் இல்லை. அமெரிக்காவின் பருத்திக்காட்டுத் துயரத்தை க்ளென் மூக்கால் பாட, எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் வேர்க்கடலை மசாலா தின்றார்கள். டிரம்ஸ் வாசித்த சீனு, சந்தாபுராவிலிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிறவன், அவனே விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் ஒத்திகை இடைவேளையில் சித்தார்த்தனின் விரல் பேஸ் கம்பியில் மூன்று முறை தட்டியது. பின்னாடியே வாயும் திறந்துகொண்டது.

க்ளென் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "இது என்ன மச்சா?"

"எங்க ஊர் பாட்டு" என்றான் சித்தார்த்தன். எல்லாக் கோணலும் அந்த ஒரு பொய்யில் தொடங்கியது.

அந்தப் பாட்டுதான் பாண்டைத் தூக்கி நிறுத்தியது. சிடி போட்டபோது, பாட்டை எழுதியவர் யார் என்று கேட்டு ஒரு ஃபாரம் வந்தது. உயிரோடிருக்கிற மனுஷி பெயரை ஒப்பாரிக்குக் கீழே எழுத அவன் கை வரவில்லை. அப்பாவின் பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மா பெயரை எழுதுகிற மாதிரி இருந்தது. 'பாரம்பரியப் பாடல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். க்ளென் அதற்குக் கீழே 'இசை வடிவம்: க்ளென்' என்று சேர்த்தான். நாளாக நாளாக மேல்வரி தேய்ந்து கீழ்வரி மட்டும் மிஞ்சியது. பத்திரிகைகளில் அது க்ளெனின் பாட்டு ஆனது. சித்தார்த்தன் வயிறு எரிந்துகொண்டே பதினெட்டு வருடம் அதற்கு பேஸ் வாசித்தான். அம்மாவிடம் மட்டும், "இங்கிலீஷ் பாட்டுதாம்மா" என்று சொல்லி வைத்திருந்தான்.

இந்த வருடம் நிருபமா என்கிற பெண் பாண்டின் கதையைப் படமெடுக்க வந்தாள். அதில் க்ளென், தங்கவயலின் ஆன்மாவைத் தேடி அலைந்து அந்தப் பாட்டைக் கண்டெடுத்ததாகச் சொல்லியிருந்தான். தங்கவயலுக்கு அவன் போனது ஒரே தடவை, அதுவும் பிரியாணி சாப்பிட. சித்தார்த்தனால் இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அது எங்கம்மா பாடுனது. அவங்க பேரு வரணும்."

"நீயேதானே மச்சா எழுதிக் குடுத்த, பாரம்பரியம்னு?" என்றான் க்ளென் சிரித்துக்கொண்டே. "ஃபாரம் இன்னும் என்கிட்ட இருக்கு."

நிருபமா நியாயமாகத்தான் பேசினாள். "அம்மாவே கேமரா முன்னாடி சொன்னாங்கன்னா டைட்டில்ல அவங்க பேரப் போடறேன் சார்."

சின்னத்தாயி தொம்மலூரில் மகனோடுதான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பப்பில் நடக்கும் கச்சேரிக்கு வரச் சொன்னான். "ஒரு பாட்டு வாசிப்போம்மா. அது யாரோடதுன்னு கேப்பாங்க. நீ சொல்லணும். உன் பேர படத்துல போடுவாங்க." என்ன பாட்டு என்று மட்டும் அவன் சொல்லவில்லை.

"என் பேரையா? இன்னாத்துக்குடா?" என்று கேட்டாலும் அவளுக்கு உள்ளூர சந்தோஷம். புத்த பூர்ணிமாவுக்கு எடுத்த வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். சுற்றிலும் பீர் குவளைகள், கூச்சல். எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்துவைத்தாள்.

சித்தார்த்தன் கம்பியை மூன்று முறை தட்டினான். சின்னத்தாயியின் சிரிப்பு நின்றது. க்ளென் கண்ணை மூடிக்கொண்டு "என் மன்னவனே" என்று இழுத்தான். கூட்டம் மொத்தமும் சேர்ந்து பாடியது. எல்லோருக்கும் மனப்பாடம். விசில் பறந்தது. ஒரு பையன் நாற்காலிமேல் ஏறி இடுப்பை ஆட்டினான். சின்னத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவிழாத கொண்டையை ஒரு கையால் பிடித்தபடி, பாட்டு முடியும்வரை அசையாமல் இருந்தாள். மேடையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே அவன் வாசித்தான். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

முடிந்ததும் நிருபமா மைக்கோடு வந்து பக்கத்தில் குனிந்தாள். "இந்தப் பாட்டு உங்களோடதாம்மா?"

சின்னத்தாயி மகனைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுமா. இந்தப் பாட்ட நான் கேட்டதே இல்ல."

க்ளென் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவளும் "தம்பி, நல்லா பாடினீங்க" என்று சொன்னாள்.

ஆட்டோவில் வரும்போது சித்தார்த்தனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏம்மா அப்படி சொன்ன? உன் பேரு வந்திருக்குமில்ல? எத்தினி வருஷமா அவன் திங்கறான் தெரியுமா?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ட்ரினிட்டி சர்ச் தாண்டியதும் பேசினாள்.

"உங்கப்பாவ வாசல்ல கெடத்தியிருக்கறப்ப நீ அழலயேன்னு எனக்கு ஒரு கொறை இருந்திச்சிடா, இத்தினி வருஷமா. புள்ள உள்ளுக்குள்ள வெச்சிக்கினு வேகறான்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேன்." முந்தானையை உதறி மடியில் போட்டாள். "இப்பதான் தெரியுது. நீ பாட்டு கேட்டுக்கினு இருந்திருக்கற."

ஆட்டோக்காரர் எந்தத் தெருவில் திரும்பணும் என்று கன்னடத்தில் கேட்டார். சின்னத்தாயிதான் வழி சொன்னாள்.