சுட்டிய இடத்தில் கையெழுத்து

நான் வேலை செய்யும் இடத்தின் வாசலுக்கு வெளியே, பஸ் தரிப்பிடத்தில், ஷரன் என்றொரு வெள்ளைக்காரப் பெண் வாரத்தில் இரண்டு நாள் குடையோடு நிற்பாள். எங்கள் தொழிற்சங்கத்தின் ஆள் அவள். உள்ளே வர அவளுக்கு அனுமதி கிடையாது. வீட்டுக்கு வந்தவரைப் படலைக்கு வெளியே நிறுத்திவைத்த மாதிரி எனக்குக் கூச்சமாக இருக்கும். ஒருநாள் கன்டீனிலிருந்து ஒரு கோப்பை தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். எத்தனை பேர் இதுவரை சேர்ந்திருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "ஆறு குடும்பம்" என்றேன். அவள் திருதிருவென விழித்தாள். மனிசன் சேர்ந்தால் மனிசியும் சேர்த்தி என்றுதானே எங்கள் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் எல்லாம் இந்த லண்டனிலும் நடக்கின்றன! இங்கே ஆளுக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று அவள் விளக்க, அத்தனை நாளும் சேர்த்த கணக்கு பிழையென்று தெரிந்தது. இருவரும் சிரித்தோம். அப்போது எனக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

நாங்கள் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிறவர்கள். ஓடுகிற பெல்ட்டின் இருபுறமும் நின்று தட்டில் பணிஸ் ரொட்டி வைப்பது ஒருத்தி, வெண்ணெய் வைப்பது இன்னொருத்தி. பாதிப்பேர் எங்கள் ஈழத்து ஆட்கள். நான் வருடக்கணக்காக விடிய ஆறு மணி ஷிப்ட். பகல் இரண்டுக்கு முடிந்துவிடும். என் கணவருக்குத் திங்கள், புதன், வெள்ளி பின்னேரங்களில் டயலிசிஸ். ஊசி கழற்றியதும் அவருக்குத் தலை சுற்றும், பிரஷர் விழும், ஒருதரம் ஆஸ்பத்திரிப் படியிலேயே சரிந்துவிட்டார். நான் பக்கத்தில் நிற்க வேண்டும். இந்த நிலையில்தான், இனி எல்லோருக்கும் ஷிப்ட் வாரம் மாறி வாரம் சுழலும் என்று ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஏனென்று கேட்க எங்களுக்கு வாயில்லை. சங்கத்தை நிறுவனம் அங்கீகரித்தால் மட்டுமே எங்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வரும். எனக்கு வேண்டியிருந்தது அந்த மூன்று பின்னேரங்கள் மட்டும்தான்.

எனக்குச் சங்க ஆசை வந்தது அமெரிக்காவிலிருந்து. நியூஜெர்சியில் என் தமக்கை தேவியக்கா இருக்கிறாள். அங்கே தொழிலுக்குத் தொழில் சங்கத்தின் கட்டமைப்பே வேறு என்பதை அந்த ஒரு வீட்டை வைத்தே நான் படித்தேன். அக்கா ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. சமையல்காரரும் துப்புரவு செய்பவர்களும் ஒரு சங்கம், தாதிமார் வேறு சங்கம். ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்களுக்கு இரண்டு ஒப்பந்தங்கள். அத்தான் கட்டடங்களில் மின்வேலை செய்பவர். அவருக்கு முதலாளி மாறிக்கொண்டே இருப்பார், சங்கம் மாறாது. ஒரு கட்டடம் முடிந்தால் சங்க மண்டபத்தில் போய்ப் பெயர் பதிவார், அவர்கள்தான் அடுத்த இடத்துக்கு அனுப்புவார்கள். மகள் ஆசிரியை, அந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவளுக்கு ஒரு சங்கம். "ஒரு வீட்டுக்குள்ள மூண்டு யூனியன். சாப்பாட்டு மேசையில சண்டைக்குக் குறைவில்லை" என்பாள் அக்கா. அது ஒன்றும் சொர்க்கமில்லை. தோட்டங்களில் மரக்கறி பிடுங்குகிறவர்களுக்கும் வீடுகளில் வேலை செய்கிறவர்களுக்கும் அந்த நாட்டுத் தொழிற்சங்கச் சட்டத்தில் இடமே இல்லையாம். ஆனால் ஆஸ்பத்திரியில் அவர்கள் வாக்கெடுப்பு நடத்திச் சங்கத்தை வென்ற கதையை அக்கா சொல்லும்போது எனக்கு மயிர் கூச்செறியும். பாதிக்கு மேல் வாக்கு விழுந்துவிட்டால், வேண்டாம் என்று போட்டவருக்கும் சேர்த்து அதே சங்கம்தான் பேசும்.

இதை நான் முதலில் சொன்னது மல்லிகா அக்காவிடம். எங்கள் பெல்ட்டுக்கு அவதான் லைன் லீடர். அதற்கு முன்பு, ஜெர்மனியில் அகதி விடுதியில் ஒரே அறையில் நானும் அவவும் மூன்று வருடம் இருந்தோம். அவ கெட்டிக்காரி, டொச் மொழியை முதலில் பிடித்தது அவதான். அரசாங்கத்திலிருந்து மஞ்சள் கடித உறை வந்தால் அப்படியே அவவிடம் நீட்டுவேன். அவ பிரித்து, வாசித்து, நிரப்பி, கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, "பிள்ளை, இதில வை" என்பா. நான் வைப்பேன். விசா, வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த விரலடியில் வந்தவை. லண்டனுக்கு மாறி வந்த பிறகும் கவுன்சில் கடிதங்களுக்கு அதே விரல்தான். நான் மட்டுமல்ல, எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் அப்படித்தான் இந்த ஐரோப்பாவில் சீவித்தோம். வாசிக்கத் தெரிந்தவர் சுட்ட, தெரியாதவர் கையெழுத்து வைப்பது. அதில் ஒருநாளும் ஒரு பிழையும் நடந்ததில்லை.

மல்லிகா அக்கா சங்கத்துக்கு ஓமென்றா. நாங்கள் இருவரும் சனி ஞாயிறுகளில் ரெய்னர்ஸ் லேன், ஹரோ என்று வீடு வீடாக ஏறினோம். "எங்கட சாந்தி கேக்கிறாள், போட்டு விடுங்கோ" என்று என்னைக் காட்டி அவ சொன்னால் மறுபேச்சில்லை. அங்கீகாரம் கேட்கத் தேவையான பாதிக் கையெழுத்தை நெருங்கிவிட்டோம். அப்போதுதான் அவவின் மகளுக்குச் சாமத்திய வீடு, பூப்புனித விழா, வந்தது. மண்டபத்துக்குள் கோட் சூட்டோடு எங்கள் மனேஜர் நுழைந்ததும் நான் திகைத்துப் போனேன். அவரை முன்வரிசையில் இருத்தி, பன்னீர் தெளித்து, பொட்டும் வைத்தார்கள். ஆலாத்தி எடுத்த கையோடு நானும் அவருடன் நின்று படமெடுத்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், அந்தப் படம் இன்னும் என் போனில் கிடக்கிறது.

திங்கட்கிழமை இடைவேளையில் மல்லிகா அக்கா ஒரு கட்டுக் கடதாசியோடு வந்தா. விழாவுக்கு வந்து வாழ்த்திய மனிதரின் முகத்தை முறிக்க ஏலாது என்று எல்லோரும் வரிசையாகப் போட்டார்கள். அந்தக் காரணம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது; அப்போது சங்கத்துக்கு இன்னொரு கடதாசி என்றுதான் நினைத்தேன். கையுறையைக் கழற்றினேன். "பிள்ளை, இதில வை." வைத்தேன்.

அடுத்த மாதம் ஷரன் வாசலில் ஒரு கடிதத்தைக் காட்டினாள். நிறுவனம் தானே உருவாக்கிய ஸ்டாஃப் அசோசியேஷன் ஒன்றோடு ஒப்பந்தம் செய்துவிட்டதாம். முதலே ஒன்று இருப்பதால், எங்கள் சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லிக் கேட்க இங்குள்ள சட்டம் இடம் தராதாம். அந்த அசோசியேஷனுக்குத் தலைவி மல்லிகா அக்கா. ஆதரவுப் பட்டியலில் என் பெயரும், வளைந்த என் கையெழுத்தும்.

உடுப்பு மாற்றும் அறையில் அவவின் முன்னால் போய் நின்றேன். "அக்கா, எனக்கு ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

ஹெயர்நெட்டுக்குள் தலைமயிரைச் செருகிக்கொண்டே சொன்னா: "உமக்கு விளங்காது, சாந்தி. உந்த வெள்ளைக்காரி நாளைக்கு வேற வாசலுக்குப் போயிடுவாள். நாங்கள் இஞ்சதான் இருக்கோணும்."

"என்ர மனிசன்ர விசயம் உங்களுக்குத் தெரியாதோ?"

"நான் மனேஜரோட கதைச்சுப் பாக்கிறன்."

அந்த வெள்ளிக்கிழமை புதிய அட்டவணை ஒட்டினார்கள். மல்லிகா அக்காவுக்கு நிரந்தரமாக விடிய ஆறு மணி. எனக்குச் சுழற்சி. இரவு தேவியக்காவுக்கு நியூஜெர்சிக்குப் போன் எடுத்து அழுதேன். "இஞ்ச கொம்பனி தானே சங்கம் தொடங்கினால் சட்டவிரோதமடி" என்று அவள் கத்தினாள். சரி, அங்கே சட்டம் இருக்கிறது. கூடப் பிறக்காத குறையாய் இருந்தவள் காட்டிக்கொடுப்பதற்கு எந்த நாட்டில் என்ன சட்டம் இருக்கிறது? மனேஜர்மேல் எனக்குக் கோபமில்லை, அவர் அவருடைய வேலையைச் செய்தார். அந்த விரல்தான் என்னை வயிறெரிய வைக்கிறது.

எனக்குப் பின்னேர ஷிப்ட் வரும் வாரங்களில் என் கணவர் இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக வருகிறார். வீட்டு வாசலில் இறங்கியதும் எனக்கு ஒரு மெசேஜ் போடுவார். பெல்ட்டில் போன் வைத்திருக்க ஏலாது, இடைவேளை வந்ததும் உடுப்பு மாற்றும் அறைக்கு ஓடுவேன்.

நேற்று விடியற்காலை ஷிப்ட். மழை. ஷரன் பஸ் தரிப்பிடத்திலிருந்து ஓடி வந்து என்னைத் தன் குடைக்குள் இழுத்தாள். அந்த அசோசியேஷனை நீக்கக் கோரும் விண்ணப்பமாம். தொழிலாளியே முன்நின்று கேட்க வேண்டுமாம். கடைசிப் பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து, "இங்கே மட்டும்" என்றாள் ஆங்கிலத்தில். பேனாவைப் பிடித்த என் கை அப்படியே நின்றுவிட்டது. "முதலில் வாசிக்க வேண்டும்" என்றேன். அவளுடைய முகம் வாடிவிட்டது. "நீயுமா, சாந்தி?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன், அதற்குமேல் சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை. உள்ளே, கதவைத் தாங்கிப் பிடித்தபடி மல்லிகா அக்கா கூப்பிட்டா: "பிள்ளை, நனையாமல் கெதியா வா!" என் மொழி கதவுக்குள்ளே நின்றது, என் பக்கம் நிற்பவள் கதவுக்கு வெளியே. நான் குடையை விட்டு இரண்டடி விலகி, மழைக்கு முதுகைக் காட்டி, கடதாசியின் முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினேன்.