எழுபது வீதத்துக்குக் கீழே

ஜூன் 18, வியாழக்கிழமை. காலை பதினொன்று இருபது. பதினெட்டுப் பாகை, மெல்லிய தூறல், கிழக்கிலிருந்து காற்று. ஸ்காபரோவில் ஒரு கோப்பிக் கடையின் வாகனத் தரிப்பிடம்.

கோப்பியும் கையுமாகக் கடையை விட்டு வெளியே வருகிறேன். என் காரின் முன் இருக்கையில் செல்லத்துரை அண்ணை இருக்கிறார். இடது கையில் ஆஸ்பத்திரிக் கட்டு. கட்டுப் போடாத வலது கை காரின் திரையை நோக்கி மெதுவாக நீளுகிறது...

கத்தினேன். கண்ணாடி மூடியிருந்தது.

அமுக்கிவிட்டார்.

திரை கறுத்தது. பிறகு ஒரு வெள்ளைக் கோடு. அதன் கீழே ஓர் அறிவித்தல் – மென்பொருள் புதுப்பிக்கப்படுகிறது, நாற்பது நிமிடம் ஆகும், அதுவரை வண்டியை ஓட்ட முடியாது.

"என்ன அண்ணை செய்தனீங்கள்?"

"பாவம் மாஸ்ரர், எத்தினை நாளா உங்களைக் கேட்டுக்கொண்டு நிக்குது. ஒருக்கால் ஓம் எண்டு சொன்னா என்ன குறைஞ்சு போகும்?"

என்ன குறைந்து போகும்? ஒன்றும் குறையாது. அதுதானே பிரச்சினை!

இந்தப் பத்திரிகைப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு என் மின்சாரக் காரைத் தெரியும். அதன் பற்றரியைப் பற்றி நான் படும் கவலையும் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

ஏறக்குறைய எட்டு வருடங்களுக்கு முன் வாங்கிய கார். வாங்கிய நாளில் ஒரு முழுச் சார்ஜுக்கு இருநூற்று நாற்பது கிலோமீற்றர் ஓடும் என்று திரை சொன்னது. கடந்த ஜனவரியில், அதே முழுச் சார்ஜுக்கு நூற்றுப் பன்னிரண்டு என்றது.

அந்த நூற்றுப் பன்னிரண்டை நம்பி அஜக்ஸில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனோம். திரும்பும்போது வீட்டுக்கு இன்னும் பதினெட்டுக் கிலோமீற்றர். திரையில் மிச்சம் இருபத்தொன்று. வேறு வழி? ஹீற்றரை நிறுத்தினேன்.

"இது காரோ, ஃபிறிட்ஜோ?" என்றாள் என் மனைவி கமலா, பிறந்தநாளுக்கு உடுத்த சேலைக்கு மேல் என் ஜக்கெற்றையும் போட்டுக்கொண்டு.

"பதினெட்டுத்தான் இருக்கு, பொறும்."

"என்ன, மைனஸ் பதினெட்டுப் பாகையோ?"

மறுநாளே கார்க் கம்பனியின் சேவை நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த தமிழ்ப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும், இங்கேயே பிறந்தவள்.

"டோன்ட் வொறி அங்கிள். விண்டரில எல்லாக் காருக்கும் ரேஞ்ச் குறையும். தற் டசின்ட் கவுன்ற். உங்கட பற்றரியின்ர உண்மையான ஹெல்த் செவென்ற்றி-ரூ."

எழுபத்திரண்டு வீதம். அப்படியென்றால்? எட்டு வருட வொரண்டி ஜூலை நான்காம் திகதி முடிகிறது. அதற்கு முன் எழுபதுக்குக் கீழே போனால் புதுப் பற்றரி இலவசம். போகாவிட்டால் என் செலவு. எவ்வளவு? பதினேழாயிரத்து எண்ணூற்றைம்பது டொலர். வரி தனி.

யோசித்துப் பாருங்கள். ஜூலை நான்கில் எழுபத்தொன்று என்றால் எனக்கு ஒன்றுமில்லை. ஜூலை ஐந்தில் அறுபத்தொன்பது ஆனாலும் ஒன்றுமில்லை. இனி இந்தப் பற்றரி நேரகாலத்தோடு கெட்டால்தான் எனக்கு நல்லது!

அந்தப் பிள்ளை என் முகத்தில் தெரிந்ததைக் கவலை என்று நினைத்துவிட்டாள். ஆறுதலாக அறிவுரை சொன்னாள். வேகச் சார்ஜ் அடிக்கடி போட வேண்டாம். நூறு வீதம் ஏற்றி வெயிலில் விட வேண்டாம். தேவையில்லாமல் அலைய வேண்டாம்.

நன்றி சொல்லிவிட்டு வந்து மூன்றையும் செய்யத் தொடங்கினேன்.

முதல் இரண்டும் சுலபம். அலைவதுதான் கஷ்டம். நாங்கள் இரண்டு பேர். கடை, கோயில், டொக்டர். இதில் எவ்வளவு ஓட முடியும்? ஆகவே ஊரை ஏற்றத் தொடங்கினேன். விமான நிலையமா? நான் வாறன். பிக்கரிங்கில் பேத்தியின் அரங்கேற்றமா? நான் விடுறன். மார்க்கம் நகரில் செத்தவீடா? வாசலில் நில்லுங்கோ.

நாற்பத்தாறு வருடமாகக் கேட்டும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகாத மனிதர் என்று கமலா குறைப்பட்டுக்கொண்டாள். ஊருக்கோ சந்தேகம். "உவர் என்ன, வீடு விக்கிற லைசன்ஸ் எடுத்திட்டாரோ?" என்று கோயிலில் ஒருவர் கேட்டாராம். "இல்லையில்லை, எலெக்சன் கேக்கப்போறார் போல" என்றாராம் மற்றவர். நம்மவர்களிடையே காரணம் இல்லாமல் நல்லவனாக இருப்பது அவ்வளவு சுலபமில்லை. காரணத்தோடு இருப்பதும் அப்படித்தான்.

செல்லத்துரை அண்ணையை அந்த மார்க்கம் செத்தவீட்டில்தான் கண்டேன். எழுபத்தெட்டு வயது. சனம் எல்லாம் போன பிறகும் தொப்பியைப் போட்டபடி வாசல் கதிரையில் இருந்தார். நடக்க முடியாதவர்களை வீடு வீடாக ஏற்றி இறக்கும் பஸ்ஸுக்குச் சொல்லிவிட்டு ஒன்றரை மணித்தியாலமாகக் காத்திருந்தார்.

"இப்ப வந்திடும். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கும் உவங்கள்தான். கிழமைக்கு மூண்டு நாள் டயலிசிஸ் எல்லோ. ஊர் முழுக்கச் சுத்தித்தான் கொண்டுபோய் விடுவாங்கள்."

சிறுநீரகம் செய்யாத வேலையை ஓர் இயந்திரம் நான்கு மணித்தியாலம் செய்து கொடுப்பதுதான் டயலிசிஸ். என் காதில் விழுந்ததோ வேறு. கிழமைக்கு மூன்று நாள்! மழை, பனி, விடுமுறை எதுவும் கிடையாது. இப்படி ஒரு பயணி தேடினாலும் கிடைப்பாரா?

அன்று தொடங்கியது. செவ்வாய், வியாழன், சனி. விடிய ஆறு மணிக்கு அவர் வீட்டு வாசலில் நிற்பேன். ஆஸ்பத்திரி அங்கிருந்து ஒன்பது கிலோமீற்றர். ஒன்பது எனக்கு எந்த மூலைக்கு? பிக்கரிங் பக்கமாகச் சுற்றி இருபத்தேழு ஆக்கினேன்.

"மாஸ்ரர், உது பிக்கரிங் போற றோட் எல்லோ?" என்று முதல் நாளே கேட்டார்.

"இதால ட்ரஃபிக் குறைவு, அண்ணை."

விடிய ஆறு மணிக்கு!

அதன் பிறகு அவர் கேட்கவில்லை. நானும் ஸ்ரியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைக் கொழுவி, பற்றரியின் ஆரோக்கியத்தை ஃபோனில் பார்த்துக்கொண்டே ஓடினேன். ஏப்ரலில் எழுபத்தொன்று. ஜூன் தொடக்கத்தில் எழுபது. ஜூன் பதினாறு, செவ்வாய், ஆஸ்பத்திரி வாசலில் அறுபத்தொன்பது தசம் ஆறு!

சேவை நிலையத்தில் அடுத்த திங்கட்கிழமைக்கு நேரம் எடுத்தேன். ஒரே ஒரு பயம்தான். அந்த மென்பொருள் அப்டேற் எண்ணைக் கூட்டிவிட்டால்? 'இப்போது செய்யவா?' என்று ஒவ்வொரு நாளும் திரை கேட்கும். 'பிறகு' என்று அமுக்குவேன். நாற்பத்து மூன்று முறை அமுக்கியிருக்கிறேன். வெல்லுகிற ஆட்டத்தில் யாராவது சீட்டை மாற்றுவார்களா?

செல்லத்துரை அண்ணை மாற்றிவிட்டார்.

இனி அந்தத் தரிப்பிடத்துக்கு வருவோம். நாற்பது நிமிடம். தூறல். காருக்குள் இரண்டு கிழவர்கள். டயலிசிஸ் முடிந்து வரும்போது அவர் எப்போதும் களைத்துத்தான் இருப்பார். களைத்த மனிதரை ஏச முடியுமா? கோப்பியைக் குடித்தேன்.

"மாஸ்ரருக்குக் கோவம்."

"இல்லையே."

"கோவம்தான். எண்ணிறதை நிப்பாட்டிட்டியள். வழமையா இந்த நேரத்துக்கு எத்தினை நிமிசம் கிடக்கெண்டு ரெண்டு தரம் சொல்லியிருப்பியள்."

திரையின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன்.

"எனக்கு எல்லாம் தெரியும் மாஸ்ரர். மார்ச்சிலேயே உங்கட மனிசி என்ர மனிசிக்குச் சொல்லிப்போட்டா."

"என்ன சொன்னவ?"

"பற்றரியைச் சாக்காட்டத்தான் என்னை ஏத்திறியள் எண்டு. இல்லாட்டி ஆர் மாஸ்ரர் பிக்கரிங் சுத்தி ஆஸ்பத்திரிக்குப் போவினம்?" சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியது. "கோயிலில எல்லாரும் சொல்லுறாங்கள், அப்டேற் செய்தாப் பற்றரி குறையுமாம். நீங்கள் உது விளங்காத பயத்தில தள்ளிப்போடுறியள் எண்டு நினைச்சன். திங்கக்கிழமை ரெஸ்ற் எல்லோ. ஒரு உதவியா இருக்கட்டும் எண்டுதான் அமுக்கினன்."

கோப்பியைக் கீழே வைத்தேன்.

நான் கணக்கு வாத்தியார். கூட்டிப் பார்க்க எத்தனை நேரம் எடுக்கும்? பற்றரி செத்தால் எனக்குப் புதுப் பற்றரி. புதுப் பற்றரி வந்தால் எனக்கு அவர் தேவையில்லை. இதை மார்ச்சிலேயே கூட்டிப் பார்த்த மனிதர், தன் சவாரியை நிறுத்தும் பொத்தான் என்று நினைத்துக்கொண்டே அதை அமுக்கியிருக்கிறார். எனக்கு உதவியாக!

"பிறகு நீங்கள் எப்பிடிப் போவியள்?"

"பஸ் ஓடுதுதானே. நானும் கிழமைக்கு மூண்டு தரம் பிளக்கில கொழுவிற சாமான்தானே மாஸ்ரர். என்ன, எனக்கு வொரண்டி முடிஞ்சு கனகாலம்."

திரை வெளித்தது. ஃபோனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"குறைஞ்சுதோ?"

எழுபத்தொன்று தசம் மூன்று.

பொய் சொல்லியிருக்கலாம். எண்களில் எனக்குப் பொய் வராது. "கூடிப்போட்டுது அண்ணை."

அவரை வீட்டில் இறக்கிவிட்டேன். பின்னேரம் அவர் மனைவி ஃபோன் பண்ணினா. "என்ன நடந்தது மாஸ்ரர்? இவர் வந்ததில இருந்து சாப்பிடேல்லை. மாஸ்ரரின்ர பதினேழாயிரத்தைத் துலைச்சுப்போட்டன் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறார்." நான் அதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். சனிக்கிழமை மகன் கூட்டிக்கொண்டு போகிறான், நீங்கள் வர வேண்டாம் என்று தகவல் வந்தது.

திங்கட்கிழமை சேவை நிலையம். ஒரு மணித்தியாலம் கழித்து அதே பிள்ளை ஓடி வந்தாள்.

"கங்கிராஜுலேஷன்ஸ் அங்கிள்! செவென்ற்றி-வண்! யுவர் பற்றரி இஸ் டூயிங் கிறேற்!"

முப்பத்தொரு வருடம் படிப்பித்திருக்கிறேன். எழுபத்தொன்று எடுத்து ஃபெயிலானதை அன்றுதான் பார்த்தேன்.

"பிள்ளை, போன கிழமை அறுபத்தொன்பது காட்டினது."

"அது பழைய சொஃப்ற்வெயார் அங்கிள். கொஞ்சம் குறைச்சுக் காட்டும். இப்பதான் கரெக்ற் நம்பர். எனிவே, ரெஸ்ற்றுக்கு முதல் நாங்கள் அப்டேற் போட்டுத்தான் பாப்பம்."

கேட்டீர்களா? அண்ணை அமுக்கினாலும் எழுபத்தொன்று. அமுக்காவிட்டாலும் எழுபத்தொன்று. ஐந்து மாதமாக நான் நாள்தோறும் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்ட எண், என் எண்ணே இல்லை.

இப்போது எல்லாமே இப்படித்தான். காருக்கு எவ்வளவு வயது, எனக்கு எவ்வளவு சீனி, வீடு என்ன விலை – நம்மைப் பற்றிய எண்களை வேறு யாரோ வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் புதுப்பித்துவிட்டு, இதுதான் சரி என்கிறார்கள். நாமும் தலையாட்டுகிறோம். இதில் என்னைப் போல் எண்ணித் திரிகிற ஆட்களுக்குத்தான் சேதம் அதிகம்.

வீட்டுக்கு வந்து கமலாவிடம் சொன்னேன். அவள் பதினேழாயிரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "அப்ப நாளைக்கு விடிய எழும்பத் தேவையில்லை" என்றாள். கேட்டாளா, சொன்னாளா என்று தெரியவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் மணிக்கூட்டில் ஐந்தேகாலுக்கு அலாரம் வைத்தாள்.

செவ்வாய், ஆறு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். செல்லத்துரை அண்ணை தொப்பியோடு வாசலில் நின்றார். பஸ்ஸுக்காக.

"மாஸ்ரர்? ரெஸ்ற் என்ன மாதிரி?"

"ஃபெயில். எழுபத்தொண்டு. நீங்கள் அமுக்காட்டிலும் எழுபத்தொண்டாம், அவையே சொல்லிப்போட்டினம். இனியாவது சாப்பிடுங்கோ."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"நல்ல பற்றரி, அண்ணை. சும்மா விட்டால் பழுதாப் போகும். பஸ்ஸை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு ஏறுங்கோ."

ஏறினார். பெல்ற்றைப் போட அவருக்கு எப்போதும் நேரம் எடுக்கும். எத்தனை செக்கன் என்று நான் பார்க்கவில்லை.

"நேரே போவம். ஒன்பது கிலோமீற்றர்தான்" என்றேன்.

"பிக்கரிங்கால போகேலாதோ? விடியக்காலமை அந்தப் பக்கம் வாவி வடிவா இருக்கும்."

ஐந்து மாதம் அந்த வழியாக ஓடியிருக்கிறேன். வாவியை அன்றுதான் பார்த்தேன். பெரிய வாவிதான்.

சின்னக் கருவி, வேகச் சார்ஜ், ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்திய கட்டணம், அந்த வியாழக்கிழமைக் கோப்பி, எல்லாம் சேர்த்து இலவசப் பற்றரிக்காக எனக்கு இதுவரை ஆன செலவு: ஆயிரத்து இருநூற்று எண்பத்து நான்கு டொலர், அறுபத்தைந்து சதம்.